கதவு தட்டிய பிரிஜித்தும் ரிக்கு அக்காவும்

வாழ்நாளில் ஒரு ரகசியத்தைக்கூட ரகசியமாகச் சொல்ல முடியாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் சேலம் அஸ்தம்பட்டியில், நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்குக் கீழே இருக்கிறார். வீட்டுக்குச் சொந்தக்காரர். தெருவில் அவருக்கு ரிக்கு அக்கா என்று பெயர். அவருடைய நிஜப் பெயரைச் சொல்லி வழி கேட்டால், அடுத்த வீட்டுக்காரர்கூட அப்படி யாரும் இங்கே இல்லை என்றுதான் சொல்வார்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக்கு லாரிதான் அவர்கள் குடும்பத் தொழில். கல்யாணமான புதிதில் ஆட்களுக்குச் சமைத்துப் போடுவதற்காகக் கணவரோடு லாரியில் ஏறி ஆந்திரா போனார். கொஞ்ச நாளில் சமைக்க வேறு ஆள் வைத்துவிட்டு, கம்ப்ரசர் பக்கத்தில் நின்று வேலை ஏவ ஆரம்பித்தார். அந்த இரைச்சலுக்குள் பேசிப் பேசி அவருக்குக் குரல் பெரிதாகிவிட்டது. காது சிறிதாகிவிட்டது.

இப்போது மகன் சத்தீஸ்கரில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். தினமும் காலையில் அவரிடமிருந்து போன் வரும். எங்கள் தெருக்காரர்கள் பால் பாக்கெட் எடுக்க வெளியே வரும்போதே, முந்தின நாள் சத்தீஸ்கரில் எந்த ஊரில் தண்ணீர் கிடைத்தது, எந்த ஊரில் வெறும் புழுதி பறந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். புழுதி பறந்த நாட்களில் அவர் முகம் வாடியே இருக்கும்.

ஒருமுறை அக்கா என்னைச் சாடை காட்டி மாடிப்படிக்கு அடியில் கூப்பிட்டார். கையை வாயருகே குவித்து, என் காதில் ரகசியமாக, "அந்த வாத்தியாரு வெச்சிருக்கறது சொந்த முடியில்ல அம்மிணி" என்றார். எதிர் வீட்டு ஜன்னல் மெல்லச் சாத்தப்பட்டது. வாத்தியாரின் கண்ணில் படாமல் தெருவைக் கடப்பது எப்படி என்று நான் அந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

குரலையாவது சமாளிக்கலாம். 'வாங்க'வைச் சமாளிக்க முடியாது.

நான் ஆத்தூர்க்காரி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யாராவது வந்தால் சிரிப்போம், உட்காரச் சொல்வோம், காபி கொடுப்போம். அக்கா ஊரில் அது போதாது. வந்தவரைப் பார்த்து வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்று சொல்ல வேண்டும். இதற்கு அங்கே 'கேட்பது' என்று பெயர். பத்துப் பேர் வந்தால் பத்துப் பேரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் அதை மகள் கல்யாணம்வரை நினைவில் வைத்திருப்பார். இது எதுவும் எனக்குத் தெரியாது. நாங்கள் குடிவந்து பால் காய்ச்சிய அன்று அக்கா ஒரு தட்டில் பழத்தோடு மேலே வந்தார். பால் பொங்குகிற நேரம். நான் சிரித்தேன். அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதே தட்டோடு வந்தார். இன்னும் நன்றாகச் சிரித்தேன். மறுபடி இறங்கிப் போனார். மூன்றாவது தடவை அவர் படியேறுவதைப் பார்த்து என் கணவர் பதறி, "வாங்கக்கா" என்றார். தட்டு கைமாறியது.

இந்த விஷயத்தில் அவரிடம் யாருக்கும் சலுகை கிடையாது. தெரிந்தவர் கல்யாணம் ஒன்றில் வாசலில் பன்னீர் தெளித்தவர்கள் "வாங்க" சொல்லவில்லை என்று திரும்பிப் போய், தெருமுனையிலிருந்து புதிதாக நடந்து வந்திருக்கிறார். என் மகளுக்குக் காய்ச்சல் என்று எங்களோடு கிளினிக் வந்தபோது, கணினியைப் பார்த்தபடியே "என்ன செய்யுது" என்று கேட்ட டாக்டரை, அவர் நிமிர்ந்து "வாங்க" என்று சொல்லும்வரை நின்றுகொண்டே பார்த்தார். டாக்டர் சொன்னார். அதன் பிறகுதான் தெர்மாமீட்டரை வெளியே எடுக்க விட்டார். நான் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

என் சுபாவத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் எம்.எஸ்ஸி. படித்தவள். குழந்தை வளர்ப்பைப் பற்றி போனில் வருகிற கட்டுரைகளை ஒன்று விடாமல் படிப்பேன். படித்துவிட்டு, நான் நேற்று செய்தது எல்லாமே தப்பு என்று தெரிந்துகொள்வேன். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் 'சரி' என்று ஒரு சொல் போடுவதற்குள் மூன்று தடவை அடித்து அழிப்பேன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதும் என் கணவர் காலையில் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார். ஆகவே என் கவலைகளைக் கேட்கவும் ஆள் கிடையாது.

கவலை எல்லாம் என் மகள் இனியாவைப் பற்றித்தான். வீட்டில் பேசுவாள். கீழே அக்கா வீட்டுக்குப் போனால் 'பெரிம்மா' என்று கத்துவாள், கத்தாவிட்டால் அக்காவுக்குக் கேட்காது. ஆனால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் வாய் மூடிக்கொள்ளும். யூகேஜி பாதி வருடம் போய்விட்டது, வகுப்பில் ஒரு சொல் பேசவில்லை. வருகைப் பதிவுக்குக் கையை மட்டும் தூக்குவாள். மிஸ் நல்லவர். அவர் என்னைத் தனியாக அழைத்து, "இப்படியே இருந்தா இன்னொரு வருஷம் யூகேஜியிலேயே வெச்சுக்கலாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க மேடம்" என்றார். சொல்லிவிட்டு, தை மாதம் முடிவதற்குள் ஒரு விழா வருகிறது, அதில் ஒரே ஒரு வரி அவளுக்குக் கொடுக்கிறேன், அதைச் சொல்லிவிட்டால் போதும், பேசுகிறாள் என்று நானே எழுதித் தருகிறேன் என்றார்.

அந்த விழாதான் புனித பிரிஜித் விழா.

பள்ளியை நடத்தும் சிஸ்டர்களின் சபையை ஆரம்பித்தவர்கள் அந்தக் காலத்தில் அயர்லாந்திலிருந்து வந்தவர்களாம். அந்த நாட்டின் காவல் புனிதர்களில் ஒருவர் பிரிஜித். மாடு, பால், வெண்ணெய்க்கெல்லாம் துணையான அம்மா. பிப்ரவரி பிறந்ததும் அங்கே வசந்தம் வந்துவிட்டது என்று அவர் பெயரில் விழா எடுப்பார்கள். கோரைப்புல்லில் சிலுவை முடைந்து வாசலில் மாட்டுவார்கள். சேலத்தில் பிப்ரவரி பிறந்தால் தர்பூசணிக் கடை போடுவார்கள், இருந்தாலும் பள்ளியில் வருடா வருடம் விழா உண்டு. நாடகமும் உண்டு. பிரிஜித் தன் பசுவோடு வந்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவார். உள்ளே இருக்கிற குழந்தை, வாருங்கள் பிரிஜித், உங்கள் வரவு நல்வரவு என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கதவைத் திறக்க வேண்டும். அந்தக் குழந்தைதான் இனியா.

நான் தினமும் அவளை உட்கார வைத்து அந்த வரியைச் சொல்லச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கெஞ்சினேன். பிஸ்கட் காட்டினேன். அப்படிக் காட்டக் கூடாது என்று கட்டுரையில் போட்டிருந்ததால் பிஸ்கட்டை உள்ளே வைத்தேன். பிறகு மறுபடி எடுத்துக் காட்டினேன். அவள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கீழே ஓடிவிட்டாள்.

இடையில் மிஸ்ஸிடமிருந்து ஒரு தகவல் வந்தது: சிலுவை முடைய ஒரு கைப்பிடி கோரைப்புல் கொடுத்துவிடவும். மளிகைக் கடையில் கேட்டேன், பூக்கடையில் கேட்டேன். கிடைக்கவில்லை. இது அக்கா காதுக்குப் போயிற்று.

"கோரைதானா? பனமரத்துப்பட்டி ஏரியில அது பாட்டுக்குக் கெடக்குது அம்மிணி. நீ பேசாத இரு" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். மறுநாள் பள்ளி வாசலில் குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டி நிறையக் கோரை, வேரோடும் சேற்றோடும். வாட்ச்மேன் இறக்கி வைத்த இடம் யூகேஜி வகுப்புக்கு முன்னால். சேற்றோடு வந்த தவளைகள் வகுப்புக்குள் போய்விட்டன. அன்று மதியம் பெற்றோர் குழுவில், 'கேட்ட பொருளைக் கேட்ட அளவில் மட்டும் அனுப்பவும்' என்று வந்தது. யார் பெயரும் போடவில்லை. ஆனால் வண்டியின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் அக்காவின் ரிக்கு கம்பெனி பெயர் இருந்தது. அக்கா கோரையோடு என் பெயரையும் சொல்லி அனுப்பியிருந்தார்.

விழாவுக்கு அக்காவைக் கூட்டிப்போவது என் திட்டத்தில் இல்லை. பள்ளி அழைப்பு போனில் வந்தபோது அவர் பக்கத்தில் இருந்ததுதான் பிழை. படிக்கச் சொன்னார். படித்தேன். கடைசியில் 'அனைவரும் வருக' என்று போட்டிருந்தது.

"அழைச்சிருக்கறாங்கல்ல? பொறவு போகாம இருந்தா மரியாத இல்ல. அது என்ன நோம்பி?"

அக்கா ஊரில் பண்டிகைக்கு நோம்பி என்று பெயர். அயர்லாந்து நோம்பிங்கக்கா என்றேன். அந்த அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். வெண்ணெய் என்று வாயை விட்டேன்.

விழா அன்று பச்சை உடுத்தி வரச் சொல்லியிருந்தார்கள். நான் வெளிர்பச்சையில் ஒரு பருத்திப் புடவை கட்டிக்கொண்டு இறங்கினேன். அக்கா கிளிப்பச்சைப் பட்டும், இருக்கிற நகை எல்லாமும், கையில் ஒரு தூக்குப்போசியுமாக நின்றார். போசி நிறைய வெண்ணெய். ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் உட்கார வைத்து ஏற்காடு சாலையில் போனபோது, எங்களைத் தாண்டிப் போன பஸ்ஸில் இருந்தவர்கள் கல்யாணம் எங்கே என்று தேடினார்கள்.

வாசலில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னார்கள். அக்கா நகரவில்லை. பின்னால் கூட்டம் சேர்ந்தது. நான் மெதுவாக, "இங்க இப்படித்தாங்கக்கா சொல்லுவாங்க" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. நல்லவேளை, வாட்ச்மேன் ராசிபுரத்துக்காரர், அக்கா பக்கத்து வழக்கம் தெரிந்தவர். தூரத்திலிருந்தே நிலைமையைப் புரிந்துகொண்டு, "வாங்க, வாங்க" என்று ஓடி வந்தார். "வந்தனுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே நுழைந்தார். நேராகத் தலைமை சிஸ்டரிடம் போய்ப் போசியை நீட்டினார். சிஸ்டர் கேரளத்துக்காரர். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் வரவேற்புரை முடியும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.

நாடகம் ஆரம்பித்தது. மேடையின் குறுக்கே அட்டையில் ஒரு வீட்டின் முன்பக்கம். நடுவில் ஒரு கதவு. இனியாவும் இன்னும் சில குழந்தைகளும் அதற்குப் பின்னால். வெள்ளை அங்கி போட்ட பிரிஜித் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரே துணிக்குள் இரண்டு பையன்கள் குனிந்தபடி பசுவாக வந்தார்கள்.

பிரிஜித் கதவைத் தட்டித் தன் வரியைச் சொன்னாள். உள்ளே சத்தமில்லை.

மறுபடி தட்டினாள். சத்தமில்லை. மைக் மின்விசிறிச் சத்தத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தது. பசுவின் பின்பாதி கீழே உட்கார்ந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் இருப்பது யார் என்று எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். முன்வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு இன்னொருவர். நான் என் செருப்பைப் பார்த்தேன். இன்னொரு வருடம் யூகேஜி. அவள் தோழிகள் எல்லாம் மேல் வகுப்புக்குப் போக, இவள் மட்டும் அதே சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருப்பது என் கண்ணுக்கு வந்தது. பிஸ்கட்டைக் காட்டியிருக்கக் கூடாதோ, தொடர்ந்து காட்டியிருக்க வேண்டுமோ என்று அப்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என் பக்கம் சாய்ந்து, தன்னுடைய ரகசியக் குரலில், "ஏ அம்மிணி, ஊட்ல ஆருமில்லையா?" என்றார்.

அரங்கம் முழுக்கச் சிரித்தது. நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். பிரிஜித் பாவம், மூன்றாவது முறையாகத் தட்டினாள். என் கையை உதறிவிட்டு அக்கா எழுந்து நின்றார்.

"ஏஞ் சாமீ, உள்ள ஆரு இருக்கறது? ஊடு தேடி வந்த புள்ள மாட்டோட வாசல்ல நிக்குது. வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கறதில்லையா?"

சிரிப்பு நின்றுவிட்டது. பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. அப்போது அட்டைக்குப் பின்னாலிருந்து, மைக்கே தேவைப்படாத ஒரு குரல் வந்தது.

"நான் இருக்கறேன் பெரிம்மா. கதவு தொறக்க மாட்டேங்குது."

"தள்ளறயா, இழுக்கறயா?"

"தள்ளறேன்."

"தள்ளாத. உன்ற பக்கமா இழு."

"இழுத்தாலும் வரல பெரிம்மா. டேப்பு ஒட்டி வெச்சிருக்காங்க."

"அப்ப ரெண்டு கையிலயும் புடிச்சு நல்லா இழு சாமி."

இழுத்தாள். கதவோடு வீடும் வந்துவிட்டது. அட்டைச் சுவர் முழுவதும் சரிந்து பின்பக்கம் சாய, மற்ற குழந்தைகள் சிதறி ஓடினார்கள். கதவைக் கையில் பிடித்தபடி இனியா மட்டும் நின்றாள். எதிரே பிரிஜித்தும் பசுவும். மிஸ் திரைக்கு ஓரத்திலிருந்து ஆங்கில வரியை எடுத்துக் கொடுத்தார். இனியா அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு யாரை முதலில் கேட்க வேண்டும் என்பதுதான் யோசனையாக இருந்தது.

"பிரிஜித், வாங்க" என்றாள்.

பிறகு பசுவைப் பார்த்தாள். "மாடு, வாங்க."

பிறகு துணியைத் தூக்கி உள்ளே குனிந்தாள். "பின்னாடி மாடு, நீயும் வாங்க."

அதோடு விடவில்லை. நிமிர்ந்தபோதுதான் கீழே இத்தனை பேர் உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொருவராகக் கேட்க முடியாது என்று புரிந்துகொண்டு, "எல்லாரும் வாங்க" என்றாள். திருச்செங்கோடும் ராசிபுரமும் நாமக்கல்லுமாக உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டம், "வந்தோம் சாமி" என்று ஒரே குரலில் பதில் சொன்னது. அது யாரும் யோசித்துச் சொன்னதில்லை. இருமல் மாதிரி தானாக வந்தது.

அக்கா திருப்தியாக உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். ஆனால் தட்டிக்கொண்டே, உடைந்த வீட்டையும் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மிஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று கடைசிவரை தெரியவில்லை.

முடிந்ததும் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். மிஸ், "பேசிட்டா மேடம். நான் சொல்லிக் கொடுத்ததுல ஒரு வார்த்தகூட இல்ல, ஆனா பேசிட்டா" என்றார். குறிப்பேட்டில் 'பேசுகிறாள்' என்று எழுதிவிட்டு, கொஞ்சம் யோசித்து, 'சத்தமாக' என்றும் சேர்த்தார். மறுநாள் குழுவில், 'இனி பார்வையாளர்கள் மேடையில் உள்ளவர்களுடன் உரையாடுவதைத் தவிர்க்கவும்' என்று வந்தது. அதற்குக் கீழேயே யாரோ வீடியோவைப் போட்டிருந்தார்கள். காய்கறிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் என்னைப் பார்த்து, "பின்னாடி மாடு பாப்பாவோட அம்மாதானுங்க நீங்க?" என்று கேட்டார். தக்காளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீடியோ அக்காவின் மகனுக்கும் போயிருக்கிறது. சத்தீஸ்கரிலிருந்து அவர் என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த சில நாட்கள் கீழ் வீட்டில் சத்தமே இல்லை. போன் பேசினால்கூட உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தெருவே என்னவோ போல் இருந்தது. கணக்கு வாத்தியார் வேலியோரம் வந்து, "சத்தீஸ்கர்ல தண்ணி வந்துதா இல்லையாம்மா?" என்று என்னிடம் விசாரித்தார்.

ஒருநாள் மாலை அக்கா மேலே வந்தார். நான் "வாங்கக்கா" என்றேன். இனியாவும் சொன்னாள். அவர் உட்காரவில்லை. மெதுவாகப் பேச முயற்சி செய்தார். பாதிச் சொல் காற்றாகவே போயிற்று.

"அன்னைக்கு நான் அப்படிக் கத்திப்போட்டேன். உனக்கு அசிங்கமாப் போச்சில்ல அம்மிணி?"

இப்படி யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்கிற பதில் ஒன்று உண்டு: அதெல்லாம் இல்லீங்க. வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"ஆமாங்கக்கா. ரொம்ப" என்றேன்.

அவர் தலையாட்டினார். "எனக்குந்தான். எந்திரிச்ச பொறவுதான் தெரிஞ்சுது, அத்தன பேரும் பாக்கறாங்கன்னு."

"தெரிஞ்சும் ஏங்கக்கா நின்னீங்க?"

"புள்ள கதவுக்குப் பின்னால தனியா நின்னுட்டு இருக்குது. நான் எப்படி உக்கார்றது?"

இதைச் சொல்லும்போது அவருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

இனியா இப்போது ஒன்றாம் வகுப்பு. வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்று புகார் வருகிறது. ஆண்டு விழா, விளையாட்டு விழா, மாறுவேடப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் அக்கா வருகிறார். ஒவ்வொரு முறையும் ஏதாவது நடக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. அவர் போசியோடு தெரிந்தவர்களை விசாரித்துவிட்டு உள்ளே வந்து சேர நேரமாகும். அதனால் நான் கொஞ்சம் முன்னாலேயே போய், பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்து, யார் கேட்டாலும் ஆள் வருகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.